ஓடும் வீட்டைத் தவிக்க விட்ட ரப்பர் குழாய்!

வீட்டோடு ஊர் சுற்ற முடியுமா?

முடியும்! அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் சுற்றுகின்றன.

வெளியே இருந்து பார்த்தால் பஸ் மாதிரி இருக்கும். உள்ளே போனால் வீடு! அடுப்பு இருக்கிறது. ஐஸ் பெட்டி இருக்கிறது. படுக்கை இருக்கிறது. குளிக்கும் அறையும் உண்டு. அப்பா முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுவார். பிள்ளைகள் பின்னால் சீட்டு விளையாடிக்கொண்டு வருவார்கள். ராத்திரி எந்த ஊரில் வண்டியை நிறுத்துகிறார்களோ, அதுதான் அன்றைக்குச் சொந்த ஊர்!

இந்த வண்டிக்கு 'மோட்டார் ஹோம்' என்று பெயர். நம் ஊரில் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின் நடுவே ஓய்வு எடுக்கும் 'கேரவன்' வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஆனால், இதில் ஒரு சங்கடம் உண்டு. கார் கெட்டுப் போனால், அதைத் தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீடே தெருவில் நின்றுவிட்டால்? எங்கே போவது?

அப்படி நிற்க வைக்கும் கோளாறுகளில் பெரியது, கியர் சரியாக மாறாமல் போவதுதான். செலவிலும் அதுதான் பெரியது. பெட்டியைக் கழற்றிப் பிரித்துப் புதுப்பித்தால் ஆயிரக்கணக்கான டாலர் போய்விடும்.

ஆனால் பெட்டியைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். கையளவு ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருக்கும். அவ்வளவுதான்!

13,000 வண்டிகள்

அமெரிக்கப் பெருங்கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ், 1973 முதல் 1978 வரை 'ஜி.எம்.சி.' என்ற பெயரில் ஒரு மோட்டார் வீட்டைத் தயாரித்தது. 23 அடி நீளத்தில் ஒன்று. 26 அடி நீளத்தில் மற்றொன்று. மொத்தம் சுமார் 13,000 வண்டிகள் வெளிவந்தன. 1978-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவற்றைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் சங்கம்கூட வைத்திருக்கிறார்கள்!

இந்த வண்டிக்கு அப்படி என்ன மவுசு?

இதன் தளம் மிகத் தாழ்வாக இருக்கும். ஏறி இறங்கக் கிழவர்களும் குழந்தைகளும் சிரமப்பட வேண்டாம். சாதாரண லாரியிலும் பஸ்சிலும் என்ஜின் முன்னால் இருக்கும். இழுக்கும் சக்கரம் பின்னால் இருக்கும். இரண்டையும் சேர்க்க, அடியில் ஒரு நீண்ட இரும்புத் தண்டு ஓடும். அந்தத் தண்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் தளம் உயர்ந்துவிடும். ஜி.எம்.சி. வண்டியில் முன் சக்கரங்களே இழுக்கின்றன. ஆகவே தண்டு இல்லை. தளமும் தாழ்ந்துவிட்டது.

இதற்கு வேண்டிய என்ஜினையும் கியர் பெட்டியையும் புதிதாகச் செய்யவில்லை. 1966-ம் ஆண்டு மாடலாக வந்த 'ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ' என்ற காரில் இருந்ததையே எடுத்துப் பொருத்தினார்கள். அந்தக் காரின் எடை 2 டன்னுக்குச் சற்று மேல். மோட்டார் வீட்டின் எடையோ, சாமான்களோடும் ஆட்களோடும் சேர்த்துச் சுமார் 5 டன்!

காருக்குப் பிறந்த கியர் பெட்டி, வீட்டைச் சுமக்கிறது. பெட்டி கெட்டியானதுதான். ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டால், காரை விடச் சீக்கிரம் பழி வாங்கிவிடும்.

தானாக மாறும் கியர்

நம் ஊர் லாரி டிரைவர் இடது காலால் கிளட்சை மிதிக்கிறார். கையால் கியரை மாற்றுகிறார். மேற்படி வண்டியில் அந்த வேலை இல்லை. கியர் தானாகவே மாறும். ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வகைப் பெட்டியை 1939-லேயே ஓல்ட்ஸ்மொபீல் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

தானாக மாறுவது எப்படி? மந்திரமா?

மந்திரம் இல்லை. எண்ணெய்!

இரண்டு மின்விசிறிகளை எதிர் எதிராக வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அது தள்ளும் காற்று பட்டு, மற்றதும் மெல்லச் சுற்றும். இந்தப் பெட்டியில் காற்றுக்குப் பதில் எண்ணெய். என்ஜின் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அது எண்ணெயை வாரி அடிக்கிறது. அந்த வேகத்தில் எதிர்ச் சக்கரம் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் மட்டும் இருப்பதால், கிளட்ச் மிதிக்காமலே வண்டி நிற்கவும் முடிகிறது; நகரவும் முடிகிறது.

கியரை மாற்றுவதும் எண்ணெய்தான். பெட்டிக்குள் ஒரு பம்ப் இருக்கிறது. அது எண்ணெயை அழுத்தத்தோடு தள்ளுகிறது. அந்த அழுத்தம், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. எந்தத் தட்டு பிடிக்கிறதோ, அதற்கு ஏற்ற கியர் விழுகிறது. இந்த வண்டியில் மொத்தம் 3 கியர். முதல் கியரில் என்ஜின் பக்கம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றினால், வெளியே ஒரு சுற்று. அதனால்தான் ஏற்றத்தில் அவ்வளவு இழுவை.

எப்போது மாற்ற வேண்டும் என்பதை யார் சொல்வது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இரண்டு பேர் சொல்கிறார்கள்.

ஒருவர் 'கவர்னர்'. கிண்டி மாளிகையில் இருப்பவர் அல்ல! பெட்டிக்குள் சுழலும் சிறு கருவி. வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை இது சொல்கிறது. வேகம் கூடக்கூட, "அடுத்த கியரைப் போடு!" என்று அவசரப்படுத்தும்.

மற்றவர் 'மாடுலேட்டர்'. இது பெட்டியின் வெளிப்பக்கம் செருகி இருக்கும் சிறிய தகர டப்பா. என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை இது சொல்கிறது. பாரம் அதிகமானால், "பொறு! இப்போது மாற்றாதே. தட்டை இன்னும் இறுக்கிப் பிடி!" என்று தடுக்கும்.

இந்த இருவரின் இழுபறியில்தான் கியர் மாறுகிறது. ஒருவர் தப்பாகச் சொன்னால் போதும். நல்ல கியர் பெட்டியும் கெட்ட பெட்டி போல் நடக்கும்.

மலையில் நடப்பது

கொலராடோ மாநிலத்தில் டென்வர் என்ற நகரம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 5,280 அடி. அங்கிருந்து மேற்கே சுமார் 60 மைல் போனால், மலையைக் குடைந்த ஐசன்ஹோவர் சுரங்கம். அது 11,000 அடி உயரத்தில் இருக்கிறது. கோடை விடுமுறையில் மோட்டார் வீடுகள் அந்தச் சாலையில் ஏறிப் போகும்.

அந்த ஏற்றத்தில் ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

என்ஜின் ஓலமிடுகிறது. இரண்டாவது கியர் விழ வேண்டிய வேகம் தாண்டிவிட்டது. விழவில்லை. இன்னும் ஓலம். திடீரென்று 'தடால்!' என்று யாரோ பின்னால் இடித்தது போல் கியர் விழுகிறது. அலமாரியில் தட்டுகள் உருளுகின்றன. குழந்தை அழுகிறது. அம்மா அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா கடிகார முள்ளைப் பார்க்கிறார்.

"கியர் பெட்டி போய்விட்டது" என்றே யாரும் நினைப்பார்கள்.

போகவில்லை. பெட்டி தனக்குச் சொன்னதைச் செய்கிறது. சொன்னவர்தான் தப்பாகச் சொன்னார்!

ஸ்ட்ராவில் ஓட்டை

மாடுலேட்டருக்குப் பாரம் எப்படித் தெரிகிறது?

இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சும்போது, அதன் கீழ் நுனியை விரலால் பாதி மூடிப் பாருங்கள். வாய்க்குள் இழுப்பு கூடும். விரலை எடுத்தால் இழுப்பு குறையும்.

என்ஜினும் இப்படித்தான் காற்றை உறிஞ்சுகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால், காற்று வரும் வழி பெரும்பாலும் மூடி இருக்கும். உள்ளே இழுப்பு பலமாக இருக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் வழி திறந்துவிடும். இழுப்பு குறைந்துவிடும்.

இந்த இழுப்பை ஒரு குழாய், என்ஜினில் இருந்து மாடுலேட்டருக்குக் கொண்டு போகிறது. குழாயின் இணைப்புகள் ரப்பர். மாடுலேட்டருக்குள் ஒரு மெல்லிய ரப்பர்ச் சவ்வு. இழுப்பு பலமாக இருந்தால் சவ்வு ஒரு பக்கம் போகும். "பாரம் குறைவு" என்று அர்த்தம். இழுப்பு இல்லாவிட்டால் மறு பக்கம் போகும். "பாரம் அதிகம்" என்று அர்த்தம்.

என்ஜின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பர் என்ன ஆகும்? காய்ந்த வாழைச் சருகு மாதிரி வெடிக்கும். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் ஏறுமா? ஏறாது. மாடுலேட்டருக்கு இழுப்பு போய்ச் சேராது. "ஐயையோ, வண்டி மலை ஏறுகிறது! முழுப் பாரம்!" என்று அது எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கும். சமதரையில் வெறும் வண்டி ஓடினாலும் அதே கூச்சல்தான்! ஆகவே கியர் தாமதமாக மாறும். மாறும்போது அடித்து மாறும்.

சோதிப்பது எளிது. குழாயை ஒரு முனை முதல் மறு முனை வரை தடவிப் பார்க்க வேண்டும். வெடிப்பு, நசுக்கல், தளர்ந்த முனை இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மாடுலேட்டர் பக்கத்து முனையைக் கழற்றி, இழுப்பை அளக்கும் கடிகாரத்தை மாட்டலாம். என்ஜின் நல்ல நிலையில் சும்மா ஓடினால், கடலோர ஊரில் 18 அல்லது 20 அங்குலம் காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். டென்வரில் 5 அங்குலம் குறைவாகக் காட்டினால் அது கோளாறு அல்ல. இது தெரியாமல் அங்கே நல்ல என்ஜினைப் பிரித்தால் நஷ்டம்தான் மிச்சம்.

எண்ணெய் எங்கே போயிற்று?

இன்னொரு வேடிக்கை.

கியர் எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை! ஊற்ற ஊற்றக் குறைகிறது. எங்கே போகிறது?

மாடுலேட்டரின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கும். சவ்வுக்கு ஒரு பக்கம் கியர் எண்ணெய். மறு பக்கம் என்ஜினின் இழுப்பு. கிழிசல் வழியாக என்ஜின் எண்ணெயைக் குடித்துவிடுகிறது! குடித்ததை எரித்து, பின்னால் வெள்ளைப் புகையாக விடுகிறது.

புகையைக் கண்ட பலர், "என்ஜின் தேய்ந்துவிட்டது" என்று பயப்படுவார்கள். முதலில் மாடுலேட்டரின் குழாயைக் கழற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். குழாய்க்குள் சிவப்பு எண்ணெய் ஈரம் இருந்தால், திருடன் பிடிபட்டான்! மாடுலேட்டரை ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது. புதிது வாங்கச் சில பத்து டாலர் போதும். கழற்றும்போது உள்ளே இருக்கும் சிறு உலோக வால்வு நழுவி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளைய ரப்பரையும் புதிதாகப் போட வேண்டும்.

எண்ணெயே சாட்சி

மாடுலேட்டரிடம் போகுமுன், எண்ணெயை விசாரிக்க வேண்டும். கியர் பெட்டியின் நாடி அதுதான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். பிரேக் போட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சிறிது தூரம் ஓடிச் சூடேறிய வண்டியாக இருக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கியர்க் கம்பியை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய், 'பார்க்' என்ற இடத்தில் விட வேண்டும். பிறகுதான் அளவு கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்யக் கூடாது. புகையில் உள்ள விஷ வாயு ஆளைக் கொன்றுவிடும்.

எண்ணெய் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். தட்டுகள் வழுக்கும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் தொல்லைதான். சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் தட்டைப் பிடிக்க முடியுமா? அதனால், "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்பது சாம்பாருக்குச் சரி. இதற்குச் சரி அல்ல.

நிறத்தையும் பார்க்க வேண்டும். நல்ல எண்ணெய் சிவப்பாக, தெளிவாக இருக்கும். கறுத்துப் போய், தீய்ந்த நெடி அடித்தால், தட்டுகள் கருகிவிட்டன என்று அர்த்தம். ரோஸ் மில்க் மாதிரி கலங்கலாக இருந்தால் மோசம்! ரேடியேட்டருக்குள்ளேதான் கியர் எண்ணெயைக் குளிர வைக்கும் குழாய் இருக்கிறது. அது ஓட்டையாகி, தண்ணீர் கலந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டியை அதற்கு மேல் ஓட்டவே கூடாது.

வழுக்கலா, தாமதமா?

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். பணம் வீணாவது இங்கேதான்.

என்ஜின் சத்தம் ஏறுகிறது. வண்டியின் வேகமும் கூடவே ஏறுகிறது. கியர் மட்டும் மாறவில்லை. இது தாமதம். மாடுலேட்டரையும் கவர்னரையும் சந்தேகிக்கலாம்.

என்ஜின் சத்தம் ஏறுகிறது. வண்டியின் வேகம் ஏறவில்லை. இது வழுக்கல். எண்ணெய் அளவு சரியாக இருந்தும் வழுக்கினால், உள்ளே தட்டு தேய்ந்திருக்கக்கூடும்.

ஓட்டுகிறவரால் சாலையையும் பார்த்து இதையும் கவனிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த வேகத்தில் இரண்டாவது கியர் விழுந்தது? எந்த வேகத்தில் மூன்றாவது? வண்டி சூடாவதற்கு முன்னா, பின்னா? பத்து வயதுப் பிள்ளைகூட இதை எழுதலாம். இந்தக் காகிதத்தோடு பட்டறைக்குப் போகிறவரை மெக்கானிக் ஏமாற்றுவது கஷ்டம்.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. ஆனால், பெட்டியைக் கழற்றுவதில் கிடைக்கும் கூலி, குழாய் மாற்றுவதில் கிடைக்காதே!

கவர்னர் கெட்டால் அடையாளம் வேறு. வண்டி முதல் கியரிலேயே நிற்கும். எவ்வளவு வேகம் போனாலும் மேலே ஏறாது. கவர்னருக்கு வேகமே தெரியவில்லை! அதன் எடைகள் அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைச் சுற்றும் சிறு பல் சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

இன்னும் ஒரு குறும்புக்காரன் இருக்கிறான். முன்னால் போகும் லாரியைத் தாண்ட ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், கியர் ஒன்று இறங்கி வண்டிக்கு வேகம் கொடுக்கும். இதற்கு ஆக்சிலேட்டர் அருகே ஒரு மின்சார ஸ்விட்ச். அது ஒட்டிக்கொண்டு எப்போதும் மின்சாரம் கொடுத்தால், அப்போதும் கியர் தாமதமாகத்தான் மாறும். அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையா? அப்போது அடித் தட்டைக் கழற்றிப் பார்க்கலாம். உள்ளே மெல்லிய சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தால் பயம் இல்லை. வயதான பெட்டியில் அது சகஜம். வடிகட்டியை மாற்றி, கையேட்டில் சொன்ன ரக எண்ணெயை ஊற்றிவிடலாம். உலோகச் சில்லுகளோ, கறுத்த செதில்களோ கிடந்தால், அப்போது கழற்றத்தான் வேண்டும். கடையில் விற்கும் பாட்டில் மருந்துகளை ஊற்றி அதைத் தீர்க்க முடியாது.

அடியில் படுத்து வேலை செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஜி.எம்.சி. வண்டியின் பின்புறத்தைத் தாங்குவது காற்றுப் பைகள். காற்று இறங்கினால் வண்டியும் இறங்கும். 5 டன்! சட்டத்துக்கு அடியில் உறுதியான முட்டுக் கொடுக்காமல் தலையை உள்ளே விடுவது தற்கொலைக்குச் சமம்.

புது வண்டிகளில்

இப்போது வரும் மோட்டார் வீடுகளில் மாடுலேட்டர் குழாய் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர். பெரிய வண்டிகள் பலவற்றில் 'அலிசன்' கம்பெனியின் பெட்டி இருக்கிறது. பொத்தான் பலகை உள்ள ரகத்தில், மேல் அம்புக்குறியையும் கீழ் அம்புக்குறியையும் சேர்த்து அமுக்கினால் எண்ணெய் அளவை அதுவே சொல்லும். மறுபடி அமுக்கினால் கோளாறின் எண்ணைக் காட்டும். எண்ணைக் கண்டதும் பெட்டியைக் குறை சொல்லக் கூடாது. பாட்டரி பலவீனமாக இருந்தாலும், ஒரு கம்பி முனை துருப்பிடித்திருந்தாலும் கம்ப்யூட்டர் உளறும். பழைய வண்டியில் ரப்பர் குழாய் செய்த வேலையைப் புது வண்டியில் துருப்பிடித்த கம்பி செய்கிறது!

ஓட்டிப் பார்த்தால்

பழுது பார்த்த பிறகு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நேரே மலைக்குக் கிளம்பிவிடக் கூடாது. முதலில் சமதரையில் 20 மைல் ஓட்ட வேண்டும். லேசாக மிதித்தால் கியர் சீக்கிரம், சத்தம் இல்லாமல் மாற வேண்டும். அழுத்தி மிதித்தால் சற்றுத் தள்ளி, கெட்டியாக மாற வேண்டும். பிறகு நிறுத்தி, எண்ணெய் அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்து ஒரு சிறு மேடு. ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கும் இரண்டாவது கியருக்கும் மாறி மாறித் தாவினால், எண்ணெய் கொதித்துவிடும். கையாலேயே இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்து விட்டால் தாவல் நின்றுவிடும். இறங்கும்போதும் அதே கியரில் இறங்க வேண்டும். அப்போது என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி 5 டன்னை மலையில் இருந்து இறக்கினால், பிரேக் பழுக்கக் காய்ந்து, பாதி வழியில் பிடிக்காமல் போய்விடும். இரண்டாவது கியர் கைக்குச் சொன்னபடி விழுகிறதா என்று மேட்டிலேயே பார்த்துக்கொண்ட பிறகுதான், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும்.